ஒரே சீட்டில் ஐரோப்பா

படிப்பு முடிந்துவிட்டது, வேலைக்கான கடிதம் இன்னும் வரவில்லை. இடையில் கிடைக்கிற ஒரு மாதத்தில் மூன்று நான்கு நண்பர்கள் ஒன்றுசேர்ந்து, முதுகில் ஆளுக்கொரு பையுடன் ஐரோப்பாவை ரயிலில் சுற்றிவர வேண்டும் என்ற ஆசை நம் நாட்டு இளைஞர் பலரிடம் இருக்கிறது. நல்ல ஆசைதான். ஆனால் விமானக் கட்டணத்துக்கே இரண்டு ஆண்டுச் சேமிப்பு கரைந்துபோகும். வேலை, திருமணம், வீட்டுக் கடன் என்று வந்துவிட்டால் இன்னொரு முறை வாய்க்குமா என்பதும் ஐயமே. ஆகவே போகிற அந்த ஒரு முறையை வீணாக்காமல் போய்வருவது எப்படி என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேகமான ரயில்களைக் கூடுமானவரை விட்டுவிடுங்கள். மெதுவாகப் போகிற வண்டியில் ஏறுங்கள். செலவும் குறைவு, கண்ணுக்கும் விருந்து, நண்பர்களுக்குள் சச்சரவும் குறையும். இது ஏதோ வயதானவர் சொல்லும் புத்திமதி என்று எண்ணிவிட வேண்டாம். அந்த ரயில் சீட்டு அமைந்திருக்கும் விதமே அப்படி.

முதலில் அந்தச் சீட்டு எப்படிப் பிறந்தது என்று பார்ப்போம்.

ஐரோப்பாவில் ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி ரயில்வே. கட்டணம் வேறு, விதிகள் வேறு, மொழி வேறு. சில இடங்களில் இருப்புப்பாதையின் அகலமே வேறு. பெரும்பாலான நாடுகளில் இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே 1,435 மில்லிமீட்டர். ஸ்பெயினின் பழைய பாதைகளில் 1,668. நம் மலாயா ரயில் ஓடுவது அதைவிடக் குறுகலான 1,000 மில்லிமீட்டர், அதாவது ஒரு மீட்டர் பாதையில். பிரான்சிலிருந்து ஸ்பெயினுக்குள் போகும் பயணிகள் எல்லையில் இறங்கி வேறு வண்டியில் ஏறியது இதனால்தான். சக்கரங்களுக்கிடையே உள்ள தூரத்தை ஓடும்போதே மாற்றிக்கொள்ளும் ‘டால்கோ’ வண்டி 1969இல் பார்சலோனாவுக்கும் ஜெனீவாவுக்கும் இடையே ஓடத் தொடங்கிய பிறகே அந்தத் தொல்லை ஓரளவு தீர்ந்தது.

இத்தனை வேறுபாடுகள் உள்ள ரயில்வேக்கள் ஒன்றுகூடி, ‘வெளியிலிருந்து வருபவர் ஒரே சீட்டை வாங்கிக்கொண்டு எங்கள் எல்லாருடைய வண்டியிலும் ஏறலாம்’ என்று 1959இல் ஓர் ஏற்பாடு செய்தன. அதுதான் யூரெயில். தொடக்கத்தில் அதில் 13 நாடுகள் இருந்தன. விமானத்தில் வந்து இறங்கும் அமெரிக்கப் பயணிகளை ரயிலுக்கு இழுப்பது நோக்கம். ஐரோப்பாவில் வாழும் இளைஞர்களுக்கு அத்தகைய சீட்டு கிடைக்க மேலும் 13 ஆண்டுகள் ஆயின. அனைத்துலக ரயில்வே ஒன்றியம் 1922இல் தோன்றியது. அதன் ஐம்பதாம் ஆண்டு நிறைவையொட்டி 1972இல் ‘இன்டர்ரெயில்’ என்ற சீட்டை வெளியிட்டார்கள். வயது 21க்குள் இருக்க வேண்டும். செல்லுபடியான நாடுகளும் 21. ஒரு மாதத்துக்கு விலை 27.50 பவுன். அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் என்று தொடங்கியது நிலைத்துவிட்டது. வயது வரம்பு பின்னர் 23 ஆகி, 26 ஆகி, 1998இல் முற்றிலும் நீங்கியது. போரில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட தலைமுறையின் பிள்ளைகள், அந்தச் சீட்டை வைத்துக்கொண்டுதான் ஒருவர் ஊருக்கு ஒருவர் போய்ப் பழகினார்கள்.

இன்றும் இந்த இரண்டு சீட்டுகளும் இருக்கின்றன. இரண்டும் 33 நாடுகளில் செல்லும். எது நமக்கு என்பதில் பலர் குழம்புகிறார்கள். குடியுரிமையை வைத்து அல்ல, வசிக்கும் இடத்தை வைத்தே இது முடிவாகிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வசிப்பவர்கள் வாங்க வேண்டியது யூரெயில். பினாங்கைச் சேர்ந்த ஒரு மாணவி லண்டனில் தங்கிப் படிக்கிறாள் என்றால், அங்கே வசிப்பதற்கான சான்றைக் காட்டி அவள் இன்டர்ரெயில்தான் வாங்க வேண்டும். 27 வயது வரை இரண்டிலுமே இளைஞர்களுக்குச் சலுகை விலை உண்டு. நால்வரில் ஒருவருக்கு 28 ஆகப்போகிறது என்றால், அவர் பிறந்தநாளுக்கு முன்பே பயணத்தை வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

இனி, இந்தச் சீட்டு எதைத் தருகிறது, எதைத் தருவதில்லை என்று பார்ப்போம். பணம் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சீட்டில் இரண்டு வகை. ஒரு வகையில், பதினைந்து நாள், இருபத்திரண்டு நாள், ஒரு மாதம் என்று குறித்த காலம் முழுவதும் தினமும் பயணம் செய்யலாம். மற்றொரு வகையில், ஒரு மாதத்துக்குள்ளோ இரண்டு மாதத்துக்குள்ளோ நாம் விரும்பும் ஐந்து நாள், ஏழு நாள், பத்து நாள் என்று பொறுக்கி எடுத்துக்கொள்ளலாம். இந்த இரண்டாம் வகையே முதல் முறை போகிறவர்களுக்கு ஏற்றது என்பேன். தினமும் பயணம் செய்யலாம் என்ற சீட்டு கையில் இருந்தால், பயணம் செய்யாத நாள் நட்டம் என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடும்.

பயண நாள் என்பது நள்ளிரவிலிருந்து அடுத்த நள்ளிரவு வரை. அதற்குள் எத்தனை வண்டி வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். இரவு வண்டிக்கு ஒரு சலுகை உண்டு. நள்ளிரவுக்கு முன் ஏறி மறுநாள் காலையில் இறங்கினால், ஏறிய நாள் மட்டுமே கணக்கில் சேரும். ஆனால் காலையில் இறங்கியபின் இன்னொரு வண்டியில் ஏறினால் அது புதிய நாள். இதைப் போலவே, 00:05 மணிக்குப் புறப்படும் வண்டி எந்தத் தேதியைச் சேர்ந்தது என்பதையும் விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். சனிக்கிழமை இரவு என்று நாம் நினைப்பது அங்கே ஞாயிற்றுக்கிழமையின் முதல் வண்டி.

இனி முக்கியமான செய்தி. இந்தச் சீட்டு வண்டியில் ஏறும் உரிமையைத் தருகிறதே தவிர, உட்காரும் இடத்தைத் தருவதில்லை. ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, பெல்ஜியம், நெதர்லாந்து ஆகிய நாடுகளில், உள்நாட்டு வண்டிகள் பெரும்பாலானவற்றில் முன்பதிவு கட்டாயமில்லை. காலியாக இருக்கும் இடத்தில் உட்கார்ந்துகொள்ளலாம். ஆனால் பிரான்சின் அதிவேக வண்டிகள், இத்தாலியின் ‘ஃப்ரெச்சியாரோசா’, ஸ்பெயினின் ‘ஆவே’ ஆகியவற்றிலும், ஆங்கிலக் கால்வாய்க்கு அடியில் 1994 முதல் ஓடும் யூரோஸ்டாரிலும் முன்பதிவு இல்லாமல் ஏறவே முடியாது. அதற்குத் தனிக் கட்டணம். யூரோஸ்டாரில் இந்தச் சீட்டு வைத்திருப்போருக்கென ஒதுக்கும் இடங்களும் ஓர் அளவுக்குத்தான். கோடைக்காலத்தில் அவை வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும்.

ஒரு வண்டிக்கு 15 யூரோ முன்பதிவுக் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். ஆறு வேக வண்டிகளில் போனால் ஒருவருக்கு 90 யூரோ. நால்வருக்கு 360 யூரோ. சீட்டின் விலைக்கு மேல் இது தண்டச் செலவு. அதே ஊர்களுக்கு இடையே வட்டார வண்டிகளில் போனால் இந்தச் செலவு இல்லை. நேரம் கூடும், உண்மைதான். ஆனால் அந்த நேரம் வீணாகிறதா? மூன்று பாதைகளை எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது ரைன் நதிப் பாதை. ஜெர்மனியின் கொலோன் நகரில் ரயில் நிலையத்தைவிட்டு வெளியே வந்தவுடன் கண்முன் நிற்பது மாபெரும் தேவாலயம். 1248இல் தொடங்கி 1880இல் கட்டி முடித்தார்கள். கோபுரத்தின் உயரம் 157 மீட்டர். அங்கிருந்து பிராங்க்பர்ட் போக 2002இல் திறந்த அதிவேகப் பாதை இருக்கிறது. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் போதும். ஆனால் அந்தப் பாதை நதியை விட்டு விலகி, குன்றுகளைக் குடைந்துகொண்டு போகிறது. சுரங்கச் சுவரும் நெடுஞ்சாலையுமே காட்சி. பழைய பாதையோ கோப்ளென்ஸ், பிங்கன் வழியாக ஆற்றின் இடக்கரையை ஒட்டியே போகிறது. தெற்கு நோக்கிப் போகும்போது இடப்புறச் சன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். கோப்ளென்ஸ் கடந்ததும் வளைவுக்கு ஒரு கோட்டை தெரியும். அழகுக்காகக் கட்டியவை அல்ல அவை. பல கோட்டைகளின் வேலை, ஆற்றில் போகும் படகுகளை மறித்துச் சுங்கம் வாங்குவது. காவுப் என்ற ஊருக்கு எதிரே ஆற்றின் நடுவில் ஒரு திட்டின்மேல், கப்பல் போன்ற உருவில் ஒரு சுங்கக் கோட்டை இன்றும் நிற்கிறது. 132 மீட்டர் உயரமுள்ள லோரெலை பாறையும் எதிர்க்கரையில் வரும். அந்தப் பள்ளத்தாக்கை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்ததும் அதே 2002ஆம் ஆண்டுதான். புதிய பாதை திறந்த ஆண்டிலேயே பழைய பாதைக்கு மரியாதை!

இரண்டாவது, சுவிட்சர்லாந்தின் கோத்தார்டு மலைப்பாதை. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஆல்ப்ஸ் மலையின் வடபுறத்திலிருந்து தென்புறம் போக இன்று ஒரு சுரங்கம் இருக்கிறது. நீளம் 57 கிலோமீட்டர். உலகிலேயே மிக நீளமான ரயில் சுரங்கம். 2016 ஜூன் மாதத்தில் திறந்தார்கள். கோலாலம்பூரிலிருந்து சிரம்பான் போகும் தூரத்துக்குச் சற்றுக் குறைவான தூரத்தை, மலைக்கு அடியில் ஏறத்தாழ இருபது நிமிடத்தில் கடந்துவிடலாம். பொறியியல் சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் பயணிக்கு அது இருபது நிமிட இருட்டு.

பழைய பாதை 1882இல் திறந்தது. வண்டி செங்குத்தாக மலையேற முடியாது. ஆகவே மலைக்குள்ளேயே வட்டமாகச் சுரங்கம் குடைந்து, சுருள் படிக்கட்டுப் போல வண்டியை மேலே ஏற்றினார்கள். இந்தச் சுற்றல் எப்படிப்பட்டது என்பதை வாசன் என்ற சிற்றூரில் பார்க்கலாம். அங்கே ஒரு குன்றின்மேல் வெள்ளைத் தேவாலயம் ஒன்று இருக்கிறது. வடக்கிலிருந்து வரும்போது முதலில் அது தலைக்கு மேலே தெரியும். வண்டி சுரங்கத்துக்குள் புகுந்து வெளிவந்தால், அதே தேவாலயம் இப்போது நேர் எதிரே. மறுபடி ஒரு சுரங்கம். இப்போது தேவாலயம் காலுக்குக் கீழே. மூன்று முறை பார்க்கிறோம்; ஆனால் ஊர் ஒன்றுதான். நண்பர்களில் யாராவது ஒருவர், ‘இந்த நாட்டில் எல்லாத் தேவாலயமும் ஒரே மாதிரி இருக்கிறதே’ என்று நிச்சயம் சொல்வார்.

அதற்கு மேலே கோஷனன் நிலையத்தில் தொடங்குகிறது 15 கிலோமீட்டர் நீளமுள்ள பழைய பெருஞ்சுரங்கம். இதைக் கட்டும் ஒப்பந்தத்தை எடுத்தவர் லூயி ஃபாவ்ர் என்ற ஜெனீவாக்காரர். எட்டு ஆண்டில் முடிப்பதாகக் கையெழுத்திட்டார். தாமதமானால் நாளுக்கு இவ்வளவு என்று தண்டம். 1879 ஜூலையில், சுரங்கத்துக்குள் வேலையைப் பார்வையிடப் போனவர் அங்கேயே மாரடைப்பால் இறந்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் இரு பக்கமும் தோண்டி வந்தவர்கள் நடுவில் சந்தித்தபோது, பாறையில் விழுந்த துளை வழியாக முதலில் மறுபக்கம் போனது ஒரு தகரப் பெட்டியில் வைத்த ஃபாவ்ரின் படம் என்பார்கள்.

ஃபாவ்ர் ஒருவர் மட்டுமல்ல; ஏறத்தாழ இருநூறு தொழிலாளர்கள் அந்த வேலையில் மாண்டார்கள். பெரும்பாலோர் இத்தாலியிலிருந்து கூலிக்கு வந்தவர்கள். 1875இல் கோஷனனில் வேலைநிறுத்தம் செய்தபோது துப்பாக்கிச்சூட்டில் நால்வர் இறந்தார்கள். விபத்திலிருந்து தப்பியவர்களையும் ஒரு சோகை நோய் பிடித்தது. அதற்குக் காரணம் கொக்கிப்புழு என்று இத்தாலிய மருத்துவர்கள் 1880இல் இந்தத் தொழிலாளர்களை ஆராய்ந்துதான் உறுதிசெய்தார்கள். வெப்பமும் ஈரமும் நிறைந்த சுரங்கத்தில், கழிப்பிட வசதியின்றி, மண்ணில் வெறுங்காலுடன் நடந்தவர்களின் உடலுக்குள் அந்தப் புழு புகுந்தது. நம் ரப்பர்த் தோட்டங்களில் நம் பாட்டன் பூட்டன்மாரை வாட்டியதும் இதே கொக்கிப்புழுதான் என்பதை நேயர்கள் அறிவார்கள். சுரங்கத்தின் தென்வாயிலான ஐரோலோ நிலையத்தருகே, இறந்த தோழனைத் தூக்கிவரும் தொழிலாளர்களைக் காட்டும் வெண்கலப் புடைப்புச் சிற்பம் ஒன்று இருக்கிறது. வடித்தவர் வின்செஞ்சோ வேலா. வேக வண்டியில் போகிறவர் இதன் பக்கத்தில்கூட வருவதில்லை. அவர் பல நூறு மீட்டர் கீழே, இருட்டில் இருப்பார்.

இந்தப் பழைய பாதையில் இன்றும் வட்டார வண்டிகள் ஓடுகின்றன. முன்பதிவு வேண்டாம், யூரெயில் செல்லும். கூடுதலாக ஆவது ஏறத்தாழ ஒரு மணி நேரம். வடக்கே ஏறும்போது ஊர்ப்பெயர்ப் பலகையெல்லாம் ஜெர்மன் மொழியில் இருக்கும். சுரங்கத்தைக் கடந்து வெளிவந்தால் எல்லாம் இத்தாலியம். நாடு மாறவில்லை, மலைதான் குறுக்கே நின்றது.

மூன்றாவது பெர்னினா பாதை. இதற்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. நம் மலாயா ரயிலைப் போலவே இதுவும் ஒரு மீட்டர் அகலப் பாதை. 1910இல் கட்டி முடித்தது. பல்சக்கர உதவியின்றி 2,253 மீட்டர் உயரம்வரை ஏறுகிறது. நம் கெந்திங் மலையைவிட உயரம்! மறுபுறம் இறங்கி இத்தாலியின் திரானோ என்ற ஊரை அடையும்போது உயரம் 429 மீட்டர்தான். உச்சியில் பனிக்கட்டி மிதக்கும் ஏரி. கீழே திராட்சைத் தோட்டம். இந்த வழியில் ‘பெர்னினா எக்ஸ்பிரஸ்’ என்று பெரிய கண்ணாடிச் சன்னல் வைத்த வண்டி ஒன்று ஓடுகிறது. அதற்கு முன்பதிவுக் கட்டணம் உண்டு. அதே தண்டவாளத்தில், அதே காட்சிகளுக்கு இடையே சாதாரண வண்டியும் ஓடுகிறது. அதற்குக் கட்டணமில்லை, அதன் சன்னலைப் பல பெட்டிகளில் இறக்கிவைத்துக் காற்றும் வாங்கலாம். விளம்பரத்தில் வருவது முதல் வண்டி மட்டும்.

இவ்வளவு சொன்னதால் வேக வண்டியே ஆகாது என்று பொருளல்ல. பாரிசிலிருந்து மார்செய் போக வேண்டியிருந்தால், பேசாமல் பணத்தைக் கட்டி அதிவேக வண்டியில் போய்விடுங்கள். வட்டார வண்டிகளில் மாறி மாறிப் போனால் ஒரு நாள் முழுக்கத் தீர்ந்துவிடும்.

ஊர்ப்பெயர்களில் உள்ள பொறிகளையும் சொல்லிவிடுகிறேன். நாம் வியன்னா என்பது அங்கே வீன். பிளாரன்ஸ் என்பது ஃபிரென்சே. கொலோன் என்பது கோல்ன். இத்தாலிய நிலையப் பலகையில் ‘மொனாக்கோ’ என்று பார்த்தால் கடற்கரைச் சூதாட்ட ஊர் என்று எண்ணி விடாதீர்கள். ஜெர்மனியின் மியூனிக்குக்கும் இத்தாலியர் வைத்த பெயர் அதுதான். வெனிசுக்குப் போகிறவர் ‘மெஸ்திரே’ நிலையத்தில் இறங்கினால் கால்வாயையும் காணமாட்டார், படகையும் காணமாட்டார். அது நிலப்பகுதியிலுள்ள நிலையம். நீருக்கு நடுவிலுள்ள ஊருக்குள் போவது ‘சாந்த்தா லூச்சியா’ நிலையம். பாரிசிலோ நடுநிலையம் என்று ஒன்று கிடையாது. பழைய காலத்தில் ஒவ்வொரு ரயில் கம்பெனியும் தன் பாதை முடிகிற இடத்தில் ஒரு முனையத்தைக் கட்டிக்கொண்டது. வடக்கிலிருந்து வந்து இறங்குவது ஒரு முனையம். தெற்கே போக ஏறுவது வேறொரு முனையம். இடையே சுரங்க ரயிலில் பையைத் தூக்கிக்கொண்டு போக ஒரு மணி நேரமாவது விட வேண்டும்.

இன்னொன்று: ஒரே வண்டியின் பெட்டிகள் வழியில் பிரிந்து இரண்டு ஊர்களுக்குப் போவது அங்கே சாதாரணம். முன்பாதி ஓர் ஊருக்கு, பின்பாதி வேறோர் ஊருக்கு. பெட்டியின் கதவருகே உள்ள பலகையைப் படிக்காமல் ஏறாதீர்கள். நண்பர்களில் இருவர் உணவுப் பெட்டிக்குத் தேநீர் வாங்கப் போன நேரத்தில் வண்டி பிரிந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இது நம்மை நட்பு பற்றிய பேச்சுக்குக் கொண்டுவருகிறது. நான்கு பேர் என்பது ரயில் பயணத்துக்கு நல்ல எண்ணிக்கை. எதிரெதிரே நான்கு இருக்கை. இரவு வண்டியில் நான்கு படுக்கை கொண்ட ஓர் அறை முழுவதும் நமக்கே. ஐரோப்பாவில் இரவு வண்டிகள் ஒரு காலத்தில் அழிந்துபோகும் நிலையில் இருந்தன. 2016 டிசம்பரில் ஜெர்மானிய ரயில்வே தன் படுக்கை வண்டிகளை நிறுத்தியபோது, ஆஸ்திரிய ரயில்வே அவற்றில் பலவற்றை எடுத்து ‘நைட்ஜெட்’ என்ற பெயரில் ஓட்டத் தொடங்கியது. சீட்டுடன் படுக்கைக் கட்டணமும் தனியே கட்ட வேண்டும்; ஆனால் ஓர் இரவு விடுதிச் செலவு மிச்சம்.

ஆனால் நான்கு பேர் ஒரு மாதம் ஒரே அறையில் தங்கி, ஒரே நேரத்தில் பசித்து, ஒரே இடத்தைப் பார்க்க வேண்டும் என்பது நடக்கிற காரியம் அல்ல. நெடுநாள் நண்பர்கள் பிரிந்து திரும்பி வந்த கதைகளைக் கேட்டிருக்கிறோம். விசாரித்தால் காரணம் அநேகமாக இரண்டுதான்: பணம், களைப்பு. பணத்துக்கு வழி, பொதுப்பணம். புறப்படும் நாளில் ஆளுக்கு ஒரே தொகை போட்டு ஒருவர் வைத்துக்கொள்ள வேண்டும். பேருந்து, ரொட்டி, தண்ணீர், நிலையத்தில் பை வைக்கும் அலமாரி எல்லாம் அதிலிருந்து. இரவில் கணக்கை எழுதி எல்லாரும் பார்க்க வேண்டும். மற்ற விருப்பச் செலவு அவரவர் பையிலிருந்து. ஓவியக் கூடத்துக்கு நுழைவுக் கட்டணம் கட்ட ஒருவர் விரும்பி, மற்றவர் விரும்பாவிட்டால், விரும்பாதவர் வாசலில் உட்கார்ந்து முகம் வாடக் காத்திருக்கக் கூடாது. வாரத்தில் ஒரு நாள் அவரவர் தனியே போய்வருவது என்று முதலிலேயே பேசிவைத்துக்கொள்வது நல்லது.

களைப்புக்கு மருந்து, ஊர்களைக் குறைப்பது. பத்து நாட்டில் பதினெட்டு ஊர் என்று திட்டம் போட்டால், பார்ப்பது பதினெட்டு ரயில் நிலையமும் பதினெட்டு விடுதிப் படிக்கட்டுமாகத்தான் இருக்கும். ஒரு மாதத்துக்கு ஆறேழு ஊர் போதும். ஓர் ஊரில் நான்கு இரவு தங்கி, அங்கிருந்து பக்கத்து ஊர்களைப் பார்த்துவிட்டு மாலையில் பையில்லாமல் திரும்பி வாருங்கள்.

ஒருவர் நடைமேடையில் நின்றுவிட்டால் என்ன செய்வது? இதை வீட்டிலேயே முடிவுசெய்ய வேண்டும். வண்டியில் இருப்பவர்கள் பதறி வழியில் இறங்கக் கூடாது. அன்றைக்குப் போக வேண்டிய ஊரில், தகவல் நிலையத்தின் முன் காத்திருப்பது. பின்தங்கியவர் அடுத்த வண்டியில் வந்து சேருவது. இதற்கு ஒவ்வொருவரிடமும் தனிச் சீட்டும், தனிக் கடப்பிதழும், விடுதி முகவரி எழுதிய தாளும் இருக்க வேண்டும். இப்போது சீட்டு கைப்பேசியில் வருகிறது. நால்வர் சீட்டையும் ஒரே கைப்பேசியில் வைக்கவும் முடியும். முடியும் என்பதற்காகச் செய்யாதீர்கள். அந்தக் கைப்பேசி தொலைந்தால் நால்வரும் அநாதைகள். சீட்டில் உள்ள பெயர் கடப்பிதழில் உள்ளபடியே இருக்க வேண்டும். தந்தை பெயருக்கு முன் நம் கடப்பிதழில் வரும் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ என்பதில் உள்ள சாய்கோட்டைச் சில பதிவுப் படிவங்கள் ஏற்பதில்லை. கோட்டை மட்டும் விட்டுவிட்டு எழுத்துகளை எழுதுங்கள்.

தங்குவதற்கு இளைஞர் விடுதிகள் உண்டு. அவை தோன்றியதும் ஒரு நடைப்பயணத்தில்தான். 1909 ஆகஸ்டில் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர் தம் மாணவர்களை அழைத்துக்கொண்டு பல நாள் நடையாகப் போனார். வழியில் கடும் இடியும் மழையும். ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கூடம் இடம் கொடுத்தது. தரையில் வைக்கோல் பரப்பிப் படுத்தார்கள். பிள்ளைகள் தூங்க, ஆசிரியருக்கு மட்டும் தூக்கமில்லை. ஒரு நாள் நடைத் தூரத்துக்கு ஒரு விடுதி இப்படி இருந்தால் என்ன என்று எண்ணினார். 1912இல் ஆல்டனா ஊர்க் கோட்டைக்குள் முதல் நிலையான விடுதி பிறந்தது. இன்று நான்கு நண்பர்கள் நான்கு கட்டில் அறையைப் பிடிப்பது அந்த மழை இரவின் புண்ணியம்.

உணவைப் பற்றி ஒரு வார்த்தை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால் பொருளும் வெளியிலிருந்து கொண்டுபோகத் தடை. அம்மா கட்டித்தரும் நெய்ப்புட்டியும் கோழிச் சம்பலும் விமான நிலையத்தில் குப்பைக்குத்தான் போகும். எலுமிச்சை ஊறுகாய்க்குத் தடையில்லை. மூடியை மட்டும் நன்றாக இறுக்கிக் கட்டுங்கள். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்திருக்கும். பெரிய ரயில் நிலையங்களுக்குள் உள்ள கடைகள்தாம் கைகொடுக்கும்.

எல்லைகள்? 1985 ஜூன் 14ஆம் தேதி, லக்சம்பர்க் நாட்டின் ஷெங்கன் என்ற சிற்றூரருகே, மோசல் ஆற்றில் நின்ற ஒரு படகில் ஐந்து நாடுகள் கையெழுத்திட்டன. 1995 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தபின், நடுராத்திரியில் அதிகாரி வந்து எழுப்பிக் கடப்பிதழ் கேட்கும் வழக்கம் பெரும்பாலான எல்லைகளில் மறைந்தது. இன்று 29 நாடுகள் அதில் உள்ளன. மலேசியர்களும் சிங்கப்பூரர்களும் விசா இன்றி எந்த 180 நாளிலும் 90 நாள்வரை அங்கே இருக்கலாம். இந்த 90 நாள் எல்லா நாடுகளுக்கும் சேர்த்துத்தான். ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியே அல்ல. 2025 அக்டோபர் முதல் கடப்பிதழில் முத்திரை குத்துவதற்குப் பதிலாகக் கைரேகையும் முகப்படமும் பதியும் முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். உள் எல்லைகளிலும் சில நாடுகள் சோதனையை அவ்வப்போது மீட்டெடுக்கின்றன. ஜெர்மனி 2024 செப்டம்பரில் தன் எல்லா நில எல்லைகளிலும் அப்படிச் செய்தது. ஆகவே கடப்பிதழ் முதுகுப்பையில் அல்ல, உடலோடு இருக்கட்டும்.

கடைசியாக, பயண நாளில் ஒன்று மிஞ்சினால் எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு ஒரு வழி. ரோமிலிருந்து சிசிலித் தீவுக்குப் போகும் வண்டியில் ஏறுங்கள். இதற்குச் சிறு தொகை கட்டி முன்பதிவு செய்ய வேண்டும். இத்தாலியின் கால்விரல் நுனியில், வில்லா சான் ஜொவான்னி என்ற துறையில் நிலம் முடிந்துவிடும். அங்கே வண்டியைத் துண்டு துண்டாகக் கழற்றி, பெட்டிகளைப் பயணிகளோடு சேர்த்துக் கப்பலின் வயிற்றுக்குள் தள்ளுகிறார்கள். கப்பலுக்குள்ளும் தண்டவாளம்! பாலம் கட்டும் பேச்சு நெடுங்காலமாக நடந்துவருகிறது. கட்டிவிட்டால் இந்தக் காட்சி இராது. பெட்டியைவிட்டு இறங்கி, இரும்புப் படியேறி மேல்தளத்துக்குப் போனால் நாலாபுறமும் நீலக்கடல். அரை மணிக்குள் எதிர்க்கரை மெசினா வந்துவிடும். பெட்டிகளை மறுபடி கோத்து முடிப்பதற்குள், கீழே இறங்கி அவரவர் இருக்கையில் வந்து உட்கார்ந்துகொள்ள வேண்டும்.